வேலை நேரத்தில் யாருக்குப் பங்கு?
சியாட்டில் விமான நிலையமும் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தமும்



1969 நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கறுப்பினத் தொழிலாளர்களும் அவர்களோடு நின்றவர்களும் சியாட்டில்–டகோமா விமான நிலையத்தின் தளத்துக்குள் நடந்து சென்றார்கள். விமானப் போக்குவரத்து தடைபட்டது, பலர் கைதானார்கள். அப்போது அந்த நிலையத்தில் பெரிய விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்தது. பழைய முனையம் உருமாறிக்கொண்டிருந்தது. பொதுப்பணத்தில் எழும் அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு ஏன் வேலை இல்லை என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். அது எங்கிருந்து வந்தது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் "திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம்" என்ற வடிவத்துக்குள் அது எப்படி நுழைந்தது, அந்த வடிவம் யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்குச் சாத்தியது என்பதே நம் பேச்சு. கல்வியிலும் அரசுப் பணியிலும் பங்கு கேட்கக் கற்றுக்கொண்ட நாம், சிமெண்டிலும் கம்பியிலும் மின்கம்பி வேலையிலும் பங்கு கேட்பது எப்படி என்று இன்னும் முழுதாக யோசிக்கவில்லை. அதனால்தான் இந்த வரலாறு நமக்கு வேண்டியிருக்கிறது.

1. சங்கத்தின் கதவு

அடிமை முறை இருந்த தென் மாநிலங்களில் தச்சு, கொத்து, கொல்லு வேலைகளில் கைதேர்ந்தவர்களாகக் கறுப்பின மக்கள் ஏராளமாக இருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு அதே தொழில்களிலிருந்து அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் 1902-இல் வெளியிட்ட 'தி நீக்ரோ ஆர்ட்டிசன்' என்ற ஆய்வு இதைத்தான் தொழில்வாரியாக, சங்கவாரியாகப் பதிவு செய்தது. திறமை இல்லாததால் வேலை இல்லை என்ற வாதத்தின் பொய்யை அந்த ஆய்விலேயே பார்க்கலாம். சங்கம் சேர்க்காததால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் திறமைச் சான்று இல்லை. சான்று இல்லாததால் வேலை இல்லை. இந்த வட்டத்தின் சாவி சங்கத்திடம் இருந்தது.

அமெரிக்கக் கட்டுமானத் தொழிலில் சங்கம் கூலிக்காகப் போராடும் அமைப்பு மட்டும் அல்ல. பல ஊர்களில் ஆள் அனுப்புவதும் அதுவே. ஒப்பந்தக்காரர் பத்து மின்பணியாளர் வேண்டும் என்று கேட்டால், சங்கத்தின் வேலைப்பதிவுக் கூடத்திலிருந்து பத்துப் பேர் வருவார்கள். அந்தக் கூடத்தில் பெயர் ஏற அப்பாவோ மாமாவோ உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது எழுதிய விதியாகவும் எழுதாத விதியாகவும் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஒரு சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளையும் நெருங்கிய உறவினரையும் மட்டுமே சேர்த்துவந்தது; அது சட்டவிரோதம் என்று 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தந்தை செய்த தொழில் மகனுக்கு, அடுத்தவன் மகனுக்கு இல்லை. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை.

சட்டமும் இந்த வேலியிலிருந்து விலகி நிற்கவில்லை. அரசுக் கட்டுமானங்களில் அந்தந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1931-இல் வந்த டேவிஸ்–பேகன் சட்டம் தொழிலாளரின் வெற்றி என்று கொண்டாடப்படுகிறது. வெற்றிதான். ஆனால் அதன் விதை 1927-இல் விழுந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அரசு மருத்துவமனை கட்ட, அலபாமா ஒப்பந்தக்காரர் ஒருவர் குறைந்த கூலிக்குக் கறுப்பினத் தொழிலாளரை அழைத்துவந்தார். அதையொட்டித்தான் மசோதா எழுந்தது. விவாதத்தில் இனவெறிப் பேச்சும் கலந்திருந்தது. கூலியைக் காக்கும் சட்டமும் நிறத்தைக் காக்கும் வேலியும் ஒரே கையெழுத்தில் வர முடியும்.

நம் வரலாற்றில் இதற்கு நேர் இணை உண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகள் சேர்க்கப்படவில்லை. கூலி அதிகமான பிரிவு அதுதான். நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், அதனால் தீட்டு என்று சக தொழிலாளரே காரணம் சொன்னார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்த விலக்கையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். தலைமை தயக்கத்தோடுதான் இசைந்தது. தொழிலாளர் ஒற்றுமை என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டதற்காக ஒற்றுமையைக் குலைப்பவர் என்ற பழியும் அவர் மேல் விழுந்தது. 1946-இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், டுபாய்ஸ் பதில் எழுதியதும் தற்செயல் அல்ல.

2. ஒப்பந்தக்காரரா, தொழிலாளியா?

சியாட்டிலுக்கு வருவோம். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்த 11246 எண் ஆணை, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் சமவாய்ப்புக்காக முனைந்து செயல்பட வேண்டும் என்றது. 1969-இல் ஆர்தர் ஃப்ளெட்சர் என்ற கறுப்பின அதிகாரி முன்னின்று கொண்டுவந்த பிலடெல்பியா திட்டம், கட்டுமானத் தொழில்களில் இத்தனை விழுக்காடு சிறுபான்மையினரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை எதிர்த்தது.

சியாட்டிலில் 1969 ஆகஸ்டில் கறுப்பின ஒப்பந்தக்காரர்கள் 'சென்ட்ரல் கான்ட்ராக்டர்ஸ் அசோசியேஷன்' என்ற அமைப்பின் பெயரில் அரசுக் கட்டுமானத் தளங்களை மறிக்கத் தொடங்கினார்கள். அதன் முகமாக எழுந்தவர் டைரி ஸ்காட் என்ற மின்பணியாளர். அவர் முன்னாள் கடற்படைத் தரைவீரர். தந்தையும் அதே தொழில். பல்கலைக்கழகக் கட்டுமானம் நின்றது, மருத்துவமனைப் பணி நின்றது, கடைசியில் விமான நிலையத்துக்கும் போராட்டம் வந்தது. வெள்ளைத் தொழிலாளர்கள் பெருந்திரளாக எதிர் ஊர்வலம் போனார்கள்.

மத்திய அரசின் நீதித்துறை சங்கங்கள் மேல் வழக்குப் போட்டது. வழக்கில் வெளிப்பட்ட ஒரு விவரம் போதும்: இரும்புக் கட்டுமானத் தொழிலாளரின் உள்ளூர்ச் சங்கத்தில் 900-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், அவர்களில் கறுப்பர் ஒரே ஒருவர். 1970 ஜூனில் நீதிபதி வில்லியம் லிண்ட்பெர்க் சங்கங்கள் பாகுபாடு காட்டியதை உறுதிசெய்து, கறுப்பினத்தவருக்குப் பயிற்சி வழியைத் திறக்க உத்தரவிட்டார். 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது.

இங்கே ஸ்காட் எடுத்த முடிவில்தான் இந்தச் சொற்பொழிவின் மையம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அமைப்பில் தொடர்ந்திருந்தால் அவருக்கு வசதியான எதிர்காலம் இருந்திருக்கும். கறுப்பினத்தவர் சிலர் பெரிய ஒப்பந்தக்காரர் ஆகியிருப்பார்கள். ஆனால் அவர் 1970-இல் தொழிலாளரைக் கொண்டு 'யுனைடெட் கன்ஸ்ட்ரக்‌ஷன் வொர்க்கர்ஸ் அசோசியேஷன்' என்ற தனி அமைப்பைக் கட்டினார். குவேக்கர்களின் சேவை அமைப்பு ஒன்று துணை நின்றது. உரிமை என்பது நம்மவர் ஒருவர் டெண்டர் எடுப்பதோடு நிற்பதா, நம்மவர் நூறு பேர் கைத்தொழில் சான்றோடும் சங்கக் கூலியோடும் வேலைக்குப் போவதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

நீதிமன்ற உத்தரவு தானாக நடக்கவில்லை. சேர்க்கப்பட்ட பயிற்சித் தொழிலாளர்கள் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். வேலைக்கு அனுப்பப்பட்டவர்களும் தொழில் கற்றுத்தராமல் துடைப்பத்தோடு நிறுத்தப்பட்டார்கள். 1972-இல் மீண்டும் தளங்களை மறித்த பிறகே, உத்தரவு நடக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டில் தொழிலாளரின் குரலுக்கு இடம் கிடைத்தது. கோர்ட் தீர்ப்பு வாங்கிய பின் ஊருக்குள் என்ன நடக்கும் என்பது பஞ்சமி நிலத்துக்காக வழக்காடிய நம் மக்களுக்குத் தெரியும்.

அந்த அமைப்பு தன்னோடு நிற்கவும் இல்லை. அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் பிலிப்பினோத் தொழிலாளர் ஒதுக்கப்பட்ட தங்குமிடங்களில், ஒதுக்கப்பட்ட உணவோடு வேலை பார்த்தார்கள். அவர்களின் இளம் அமைப்பாளர்களுக்கு ஸ்காட்டின் தோழர்கள் வழக்காடும் முறையையும் திரட்டும் முறையையும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த இளைஞர்களில் சில்மே டொமிங்கோ, ஜீன் வியர்னெஸ் இருவரும் 1981 ஜூன் 1 அன்று சங்க அலுவலகத்தில் சுடப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸ் பொறுப்பு என்று 1989-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. வேலைப் பங்கு கேட்பது சிறிய கோரிக்கை அல்ல என்பதற்கு இந்த உயிர்கள் சாட்சி. ஸ்காட் 2003-இல் மறைந்தார்.

3. ஒப்பந்தம் என்னும் கருவி

இப்போது திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பெரிய கட்டுமானம் தொடங்கும் முன், எந்த ஒப்பந்தக்காரருக்கும் டெண்டர் போகும் முன், அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் எல்லாத் தொழிற்சங்கங்களோடும் ஒரே உடன்படிக்கை போடப்படுகிறது. டெண்டர் எடுக்கும் ஒவ்வொருவரும், துணை ஒப்பந்தக்காரர் உட்பட, அதற்குக் கட்டுப்பட வேண்டும். கூலி, நலநிதி, வேலை நேரம், தகராறு தீர்க்கும் முறை எல்லாம் முன்கூட்டியே முடிவாகும். பதிலுக்குச் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்றும், முதலாளிகள் கதவடைப்புச் செய்வதில்லை என்றும் உறுதி தருகிறார்கள். ஆட்கள் பெரும்பாலும் சங்கக் கூடம் வழியாக வருவார்கள்.

இதன் தொடக்க கால உதாரணங்களில் ஒன்று சியாட்டில் இருக்கும் அதே வாஷிங்டன் மாநிலத்தில் 1938-இல் போடப்பட்டது. கொலம்பியா நதியின் கிராண்ட் கூலி அணைக்காக. 1993-இல் பாஸ்டன் துறைமுகத் தூய்மைப் பணி வழக்கில், கட்டடத்தின் உரிமையாளராக நிற்கும்போது அரசு அமைப்பும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் 240 கோடி டாலர் விரிவாக்கத்துக்குப் போடப்பட்ட ஒப்பந்தத்தை 1999-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

விமான நிலையங்கள் இந்த ஒப்பந்தத்தை விரும்புவதற்குக் காரணம் எளிது. முனையத்தைப் புதுப்பிப்பவர்கள் அதை மூடிவிட்டு வேலை செய்ய முடியாது. ஒரு பக்கம் பயணிகள் வரிசையில் நிற்க, மறுபக்கம் தடுப்புக்குப் பின்னால் தரை பெயர்க்கப்படும். இரவில் கூரை பிரிக்கப்படும், காலையில் முதல் விமானம் புறப்படும். ஒரு சங்கம் வேலையை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். ஆகவே அமைதி வாங்கப்படுகிறது. அந்த அமைதிக்கு என்ன விலை கேட்கலாம் என்பதே போராடுகிறவர்களின் கேள்வி.

வெள்ளை மாளிகையில் ஆள் மாறும்போதெல்லாம் இந்தக் கருவியின் தலையெழுத்தும் மாறியது. 1992-இல் மூத்த புஷ் தடுத்தார். 1993-இல் கிளின்டன் நீக்கினார். 2001-இல் இளைய புஷ் மீண்டும் தடுத்தார். 2009-இல் ஒபாமா ஊக்குவித்தார். 2022-இல் பைடன் 3.5 கோடி டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு அதைப் பொது விதியாக்கினார்.

4. கதவைத் திறந்த பிரிவு

வெறும் ஒப்பந்தம் நமக்கு நண்பன் அல்ல. ஆள் எடுக்கும் அதிகாரத்தை அது சங்கக் கூடத்துக்குக் கொடுக்கிறது. 900 பேரில் ஒரே கறுப்பர் இருக்கும் கூடத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும்? கறுப்பின வணிகர்களின் தேசிய சேம்பர் இந்த ஒப்பந்தங்களை எதிர்த்ததை இதனால்தான் புறந்தள்ள முடியாது. கறுப்பினத்தவர் நடத்தும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை சங்கத்துக்கு வெளியே இருப்பவை. தங்கள் தெருவிலிருந்து பழக்கி எடுத்த ஆட்களை விட்டுவிட்டுக் கூடத்திலிருந்து வேறு ஆட்களை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இழப்பு.

ஆனால் சங்கத்தை ஒழித்துவிட்டால் நீதி வந்துவிடுமா? சங்கம் இல்லாத தளத்தில் கூலி குறையும், காப்பீடு போகும், குறைந்த கூலிக்கு முதலில் அமர்த்தப்படுவது ஒடுக்கப்பட்டவரே. ஆகவே 1990-களின் இறுதியிலிருந்து மக்கள் அமைப்புகள் வேறொரு வழி கண்டன: ஒப்பந்தத்துக்குள்ளேயே பங்குப் பிரிவை எழுதவைப்பது. ஓக்லண்ட் துறைமுக ஆணையம் 2000-ஐ ஒட்டித் தன் துறைமுகம், விமான நிலையம் இரண்டின் பணிகளுக்கும் போட்ட ஒப்பந்தத்தில், மொத்த வேலை நேரத்தில் 50 விழுக்காடு சுற்றுவட்டார மக்களுக்கு, 20 விழுக்காடு பயிற்சித் தொழிலாளருக்கு என்று இலக்கு வைத்தது.

இலக்கின் அலகைக் கவனியுங்கள். ஆட்களின் எண்ணிக்கையை அது கேட்கவில்லை. வேலை நேரத்தைக் கேட்டது. ஆள் கணக்கு ஏமாற்றும். அதிகாரி வரும் நாளில் பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்த வாரம் அனுப்பிவிடலாம். மணிக்கணக்கு சம்பளப் பட்டியலிலிருந்து வருகிறது. பயிற்சித் தொழிலாளி தேர்ந்த தொழிலாளியாக ஆயிரக்கணக்கான மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால், மணிக்கணக்கே அவருடைய எதிர்காலமும் ஆகிறது.

இன்னொன்று: இலக்கில் நிறம் இல்லை, முகவரி இருக்கிறது. கலிபோர்னியாவில் 1996-இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1998-இலும் நடந்த வாக்கெடுப்புகள் அரசு ஒப்பந்தங்களில் இன அடிப்படையிலான முன்னுரிமையைத் தடை செய்துவிட்டன. அதன் பிறகு இனத்தைச் சொல்ல முடியாத இடத்தில் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. 2015-இல் சியாட்டில் நகரம் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தன் கட்டுமானங்களில், வறுமை மிகுந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு முன்னுரிமை தரும் சட்டம் இயற்றியது. சியாட்டில் துறைமுக ஆணையமும் விமான நிலையப் பணிகளில் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தங்களைப் பயன்படுத்தி வருகிறது. ஸ்காட்டின் தோழர்கள் கைதான இடத்தில்தான் இதுவும் நடக்கிறது.

முகவரி இனத்தின் இடத்தை நிரப்ப முடிந்ததற்குக் காரணம், வீட்டுக் கடனிலும் வாடகையிலும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட நகரம் அது. ஊரும் சேரியுமாகப் பிரிந்து வாழும் நமக்கு முகவரி என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் முகவரி முழுமையான பதிலி அல்ல. வாடகை ஏறி ஏழைகள் வெளியேறினால், அந்தக் குறியீட்டு எண்ணில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கே பங்கு போகும்.

5. கதவுக்குப் பின் கதவு

விமான நிலையத்தில் இன்னொரு தடையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வேலை செய்ய அடையாள அட்டை வேண்டும். அதற்குக் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. பட்டியலிடப்பட்ட சில குற்றங்களில் கடந்த 10 ஆண்டுகளுக்குள் தண்டனை பெற்றவருக்கு அட்டை கிடையாது. கறுப்பின இளைஞர்களை அளவுக்கு மீறிச் சிறைக்கு அனுப்பும் நாட்டில் இந்த விதி யாரை வெளியே நிறுத்தும்? ஒப்பந்தம் கதவைத் திறக்கும், பயிற்சி மையம் சான்று தரும், வாசலில் அட்டை மறுக்கப்படும். பங்கு என்பது ஒரே கதவு அல்ல. வரிசையாக நிற்கும் பல கதவுகள். நம் ஊரில் பொய் வழக்குப் போடப்பட்ட இளைஞர் காவல்துறைச் சான்றுக்கு அலைவதை நினைத்துப் பாருங்கள்.

பெண்களின் கணக்கு இன்னும் கசப்பானது. அமெரிக்க மத்திய அரசின் ஒப்பந்தக் கட்டுமானங்களில் பெண்களுக்கான இலக்கு 6.9 விழுக்காடு என்று 1980-களின் தொடக்கத்திலேயே வந்தது. பல பத்தாண்டுகள் அந்த எண் நகரவே இல்லை. நம் தளங்களில் பெண்கள் ஏராளம்; ஆனால் அவர்கள் சித்தாள்களாகவே வந்து சித்தாள்களாகவே ஓய்கிறார்கள். கரண்டி பிடிக்கும் கொத்தனார் ஆவது அவர்களில் மிகச் சிலரே. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நாம் முன்னேறியவர்கள் போலத் தெரியும். எந்த வேலையில் எத்தனை மணி என்று பார்த்தால்தான் படிநிலை வெளிப்படும்.

2025 ஜனவரி 21 அன்று, 1965-இன் 11246 எண் ஆணை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ரத்து செய்யப்பட்டது. நினைவில் வைப்போம்: ஆணையாக வந்தது ஆணையால் போகும். சங்கத்தோடும் நகரத்தோடும் போட்ட ஒப்பந்தத்தில் எழுதியதும், தளத்தில் திரண்ட பலமும் அவ்வளவு எளிதில் போகாது.

6. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அமெரிக்க அனுபவம் தலித் அரசியலுக்கு முன்பே வந்திருக்கிறது. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிவாளர் மாநாடு, அங்குள்ள பன்மைத்துவக் கொள்கையை முன்னுதாரணமாகக் காட்டி, அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் பங்கு கேட்டது. 2012-இல் மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்றது. இவற்றை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவை டைரி ஸ்காட் விட்டுவந்த முதல் அமைப்பின் பாதை: ஒப்பந்தக்காரரின் பங்கு. அவர் தேர்ந்த இரண்டாவது பாதை, தொழிலாளரின் வேலை நேரத்தில் பங்கு, இங்கே கோரிக்கையாகக்கூட வலுப்பெறவில்லை.

இங்கே 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் செஸ் வசூலிக்க வழிசெய்தது, நலவாரியங்களுக்கு அடித்தளம் இட்டது. அடிபட்ட பின், இறந்த பின் உதவி தர அது கற்றுக்கொடுத்தது. அரசு கட்டும் ஒரு விமான முனையத்திலோ மெட்ரோ நிலையத்திலோ, தலித் தொழிலாளி எத்தனை மணி நேரம் மின்பணி செய்தார், எத்தனை மணி நேரம் மண் சுமந்தார் என்று அது கேட்டதில்லை. கேட்காத கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாத கணக்கை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது.

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் நாங்கள் கேட்பது: உங்கள் ஊரில் பொதுப்பணத்தில் எழும் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி யார், கொத்தனார் யார், சித்தாள் யார், எந்தத் தெருவிலிருந்து, எந்த மாநிலத்திலிருந்து வந்தார்கள் என்று டுபாய்ஸ் செய்ததுபோல் தொழில்வாரியாக எழுதுங்கள். களத்தோழர்களிடம் கேட்பது: பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளரில் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் முன்னுரிமை என்ற கோரிக்கை அவர்களை விரட்டும் கோலாக மாறக் கூடாது. கறுப்பினத் தொழிலாளர் பிலிப்பினோத் தொழிலாளரைத் தோழராக்கிய பாடம் அதற்கு உண்டு. தொழிற்சங்கத் தோழர்களிடம் கேட்பது: அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குப் பக்கத்திலேயே வேலை நேரத்தின் சமூகக் கணக்கையும் பயிற்சியில் பங்கையும் எழுதுங்கள். 1928-இல் வந்த தயக்கம் இன்னும் ஒரு நூற்றாண்டு நீள வேண்டாம்.

விமான நிலையப் பளிங்குத் தரையில் நடக்கும் பயணிக்கு அதைப் பதித்த கை தெரிவதில்லை. டெண்டர் ஆவணத்தில் அந்தக் கையின் பங்கை எழுதவைப்பது நம் தலைமுறையின் வேலை. அதற்கான முதல் கணக்கை இந்த அரங்கிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.